ராஜரத்தினம் வீட்டு எர்த் கம்பி

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் மன்றாடப் போவதில்லை. நான் நின்ற இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள், அவ்வளவுதான். பேய் என்றால் நடுச்சாமமும் சுடலையும் வேண்டும் என்று நினைக்கிறோம். எனக்கு நடந்தது ஒரு புது மாடி வீட்டில். பின்னேரம். வெயில் முழுதாக இறங்கவும் இல்லை. என்னோடு மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் இப்போது சிறையில், மறியலில் இருக்கிறார். மற்ற இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

என் பெயர் தாட்சாயினி. கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கொம்பியூட்டருக்குள் ஏதோ பேய் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு இடைக்கிடை யாராவது வருவார்கள். திறந்து பார்த்தால் பல்லி செத்துக் கிடக்கும். இல்லாவிட்டால் எறும்பு முட்டையிட்டிருக்கும். துடைத்துக் கொடுத்தால் பேய் போய்விடும். அப்படிப் பேய் ஓட்டித்தான் என் பிழைப்பு நடக்கிறது.

போன வருடம் ஆடிக் கடைசியில் விதுசன் வந்தான். இருபது வயதுப் பிள்ளை. ஏ.எல் பரீட்சை எடுத்துவிட்டு மறுமொழி வரும்வரை காத்திருந்தான். அவனுடைய தகப்பன் ராஜரத்தினத்தை இரணைமடுப் பக்கம் தெரியாத ஆள் இல்லை. மணல், கல், கிரவல் ஏற்றும் டிப்பர்கள் அவருடையவை. நல்ல மனுசன் என்றுதான் பெயர். கோடையில் கிணறு வற்றினால் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து சனத்துக்கு ஊற்றுவார். ஒற்றைப் பிள்ளை என்பதால் மகன் கேட்டது எல்லாம் வாங்கிக் கொடுப்பார்.

அப்படி வாங்கிக் கொடுத்ததுதான் அந்தக் கணினி. கொழும்பில் சொல்லிப் பாகம் பாகமாகப் பூட்டுவித்தது. கறுத்தப் பெட்டி. பக்கத்தில் கண்ணாடி. உள்ளே கலர் கலராக வெளிச்சம். கிளிநொச்சியில் நான் கை வைத்ததிலேயே பலமான இயந்திரம் அதுதான். எந்த விளையாட்டைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டியது.

"கேம் இழுக்குது அக்கா," என்றான் விதுசன். "சித்திரை வரைக்கும் நல்லாத்தான் ஓடினது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்... இப்ப விளையாடவே ஏலாது."

விளையாட்டு ஓடும்போது திரையின் மூலையில் ஒரு எண் தெரியும்படி வைக்கலாம். ஒரு செக்கனுக்கு எத்தனை படம் திரையில் விழுகிறது என்பதை அது காட்டும். அறுபதுக்கு மேல் நின்றால் நல்லது. இருபதுக்குக் கீழே இறங்கினால் காலில் சேறு ஒட்டின ஆள் மாதிரி எல்லாம் இழுபடும். இந்தக் கணினியில் நூற்று நாற்பது வர வேண்டும். வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்றுதான் வருகிறது என்றான்.

நான் வழக்கமாகப் பார்ப்பதை எல்லாம் பார்த்தேன். சில பேர் திரையின் வயரைக் கிராபிக்ஸ் கார்ட்டில் குத்தாமல் மற்றத் துளையில் குத்தியிருப்பார்கள். இவன் சரியாகத்தான் குத்தியிருந்தான். சூடு ஏறினால் இயந்திரம் தன்னைத்தானே மெதுவாக்கும். சூடு ஏறவில்லை. என்றாலும் விசிறிகளைக் கழற்றித் துடைத்து, சூடு கடத்துகிற பழைய பசையை வழித்துப் புதுப் பசை போட்டேன். மெமரி வேகம் குறைத்து வைக்கப்பட்டிருந்தது, அதை ஏற்றினேன். டிரைவரைச் சுத்தமாக அழித்து மறுபடி போட்டேன். ஒளிந்திருந்து வேலை செய்கிற வைரஸ் ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

கடையில் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பத்தைந்து. அரை நாள் ஓடவிட்டேன். அசையவில்லை.

கொண்டுபோனான். அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தான். பழையபடி இழுக்கிறதாம்.

திரும்பக் கொண்டுவந்தான். கடையில் நூற்று நாற்பத்தைந்து. வீட்டுக்குப் போனால் பன்னிரண்டு. மூன்றாம் முறையும் அப்படியே நடந்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. கணினியில் பிழை இல்லை, வீட்டுக் கரண்டில்தான் ஏதோ இருக்கிறது, நானே வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் போனேன். இரணைமடுச் சந்தியால் இறங்கிக் கிரவல் பாதையில் கொஞ்சத் தூரம். சுற்றுமதில் கட்டின பெரிய வளவு. முற்றத்தில் இரண்டு டிப்பர் நின்றது. விதுசனின் தாய் பத்மாசனி அக்கா கேற்றைத் திறந்தா. மெலிந்த ஆள், அதிகம் கதைக்காதவ. தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது மெல்லிய குரலில் ஒன்று கேட்டா. கொம்பியூட்டரை நிற்பாட்டின பிறகும் அதன் ஸ்பீக்கர் இரையுமா என்று. சில நேரம் இரையும், அதற்கும் மருந்து இருக்கிறது என்றேன். அவ அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனா. ஸ்பீக்கரைப் பார்த்தேன். இரண்டிலும் திருநீறு பூசியிருந்தது.

விதுசனின் அறை வீட்டின் பின்பக்கம். வயர்களை எல்லாம் பூட்டி விளையாட்டைப் போட்டேன்.

நூற்று நாற்பத்திரண்டு.

"பாத்தியே," என்று நான் திரும்பினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. யன்னலால் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வெளியே டிப்பர் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு அடிபட்டது. செருப்புச் சத்தம்.

மூலையில் இருந்த எண் இறங்கத் தொடங்கியது.

நூற்றுப்பத்து... எழுபது... முப்பத்தொன்று... பதினான்கு.

திரையில் ஓடிக்கொண்டிருந்த கார் சேற்றில் புதைந்தது போலத் தத்தளித்தது. பெட்டிக்குள் விசிறிகள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கின. ராஜரத்தினம் அறை வாசலில் வந்து நின்றார். தடித்த, சிரித்த முகம்.

"என்ன பிள்ளை, பிழை பிடிபட்டுதோ?"

பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணை என்றேன். பையில் இருந்து மீற்றரை எடுத்துப் பிளக்கில் குத்தினேன். கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட்டில் ஆடாமல் நின்றது. தண்ணி மோட்டர் ஓடவில்லை. ஏசி ஓடவில்லை. எதுவும் கரண்டைத் தின்னவில்லை.

அவர் சிகரெட் வாங்க மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போனார். கேற்றைத் தாண்டினதும் எண் ஏறியது. நூற்று நாற்பது. திரும்பி வந்தார். பதின்மூன்று. ஏதோ சாட்டுச் சொல்லி, சந்திக் கடையில் இருந்து ஒரு வயர் வேண்டும் என்று அவரையே அனுப்பினேன். ஏறியது. வந்தார். இறங்கியது.

என் பிடரி மயிர் எழும்பியது. என்றாலும் மூளை காரணம் தேடிக்கொண்டிருந்தது. அவருடைய போனா? சாவிக் கொத்தில் ஏதும் காந்தமா?

"அப்பா வீட்டில நிண்டா இழுக்கும் அக்கா," என்றான் விதுசன். சத்தம் வெளியே போகாமல் சொன்னான். "எனக்கு முந்தியே தெரியும். சொன்னா ஆர் நம்புவினம்?"

பிறகு ஹெட்செட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "இதையும் ஒருக்காக் கேளுங்கோ."

நான் முதல் வேலையாக இன்டர்நெட் வயரைக் கழற்றினேன். வைஃபையையும் நிற்பாட்டினேன். இனி வெளியில் இருந்து யாரும் கதைக்க முடியாது. விளையாட்டின் சத்தத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு காதில் போட்டேன்.

முதலில் எர்த் பிழையானால் வருகிற இரைச்சல். ம்ம்ம்ம்... என்று. எனக்குப் பழகின சத்தம்தான்.

அந்த இரைச்சல் நின்று நின்று வந்தது. ஏறியது. இறங்கியது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஏறியது.

யாரோ கஷ்டப்பட்டு மூச்சு விடுகிறார்கள்.

அதற்குள் இருந்து ஒரு குரல். வாய் நிறைய மண் கிடக்கிற ஆள் கதைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"அண்ணே... கையக் குடுங்க..."

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் அந்தச் சின்ன இரைச்சல் கேட்டுக்கொண்டே கிடந்தது.

அதில் ஒரு விசயம் என்னை உறுத்தியது. எங்கள் பக்கத்து ஆட்கள் அண்ணை என்பார்கள். கையைத் தாங்கோ என்பார்கள். இது மலைநாட்டில் இருந்து வந்து வன்னியில் குடியேறின ஆட்களின் பேச்சு. அந்த வீட்டில் அப்படிக் கதைப்பவர் யாரும் இல்லை.

"முதல் நல்லாத் தூரத்தில கேட்டது," என்றான் விதுசன். "இப்ப காதுக்குள்ள நிண்டு சொல்லுது."

நான் எழும்பிக் கணினிப் பெட்டியில் கை வைத்தேன். சுள்ளென்று பிடித்தது. டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இது எனக்குத் தெரிந்த நோய். எர்த் சரியில்லை. எர்த் சரியில்லாவிட்டால் பெட்டியில் ஷொக் அடிக்கும், ஸ்பீக்கர் இரையும். அதனால் விளையாட்டு இழுக்குமா என்று கேட்டால், இழுக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

சோதித்துப் பார்க்க, எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் கணினியைக் கொழுவினேன். ராஜரத்தினம் விறாந்தையில் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்று நாற்பத்தைந்து. ஸ்பீக்கர் ஊமை.

மூன்று முனையில் குத்தினேன். பன்னிரண்டு. "அண்ணே..."

எர்த் வயர் என்பது வீட்டில் ஒழுகுகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிப் போகிற பாதை. அவ்வளவுதான் அதன் வேலை. போகும். வராது. நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. டிவி நின்றது. இனி எர்த் வயரில் மீற்றரை வைத்தால் முள் பூச்சியத்தில் படுத்துக் கிடக்க வேண்டும்.

முள் எழும்பியது. இறங்கியது. எழும்பியது.

கொஞ்சம் முன்னர் நான் காதில் கேட்ட அதே மூச்சு.

ஏதோ ஒன்று மண்ணுக்குள் இருந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

டிவி நின்றதால் ராஜரத்தினம் எழும்பி வந்தார். எர்த் கம்பியில் பிழை, குளிக்கும்போது ஆளைக் கொன்றுவிடும், மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். நான் வெளிக்கிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் சிரித்தார். ஒரு கம்பியைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் அடிக்கிறதுக்கு ஆள் எதற்கு என்று சாரத்தை மடித்துக் கட்டினார். அவருக்கு ஒரு துளி பயமும் இல்லை. இதை நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

பின்வளவுக்குப் போனோம். விதுசன் வந்தான். பத்மாசனி அக்காவும் குசினி வாசலால் இறங்கி வந்தா. சுவரோடு, தண்ணித் தாங்கிக்குக் கீழே, அந்தச் செப்புக் கம்பி நின்றது. பெருவிரல் தடிப்பு. மண்ணுக்கு வெளியே ஒரு முழம். வீடு கட்டி வயரிங் செய்தபோது, மூன்று வருடத்துக்கு முன்னர், அவரே நின்று அடிப்பித்தது.

கம்பியில் பூட்டியிருந்த பச்சை வயரை நான் கழற்றினேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கழற்றியது நான். மெயினை இறக்கியதும் நான். இனி அது மண்ணில் குத்தி நிற்கிற ஒரு வெறும் கம்பி.

அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

அவர் பிடியைத் தளர்த்தினார்.

கம்பி கீழே போனது.

நாலு விரற்கடை. சரக்கென்று. யாரோ கீழே இருந்து இழுத்த மாதிரி.

நான் பார்த்தேன். விதுசன் பார்த்தான். ராஜரத்தினம் கல்லில் இறுகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியையும் அலவாங்குக் கடப்பாரையையும் எடுத்து வந்தார். வெட்டத் தொடங்கினார். மண் இரும்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் டங் என்றது. வியர்வை அவருடைய முதுகில் ஓடியது. குழி முழங்கால் ஆழம் வந்தது. தொடை ஆழம் வந்தது. அவர் உள்ளே இறங்கி நின்று வெட்டினார்.

மண்வெட்டி ஒரு துணியில் மாட்டியது.

நாங்கள் நாலு பேரும் அப்படியே நின்றோம். வன்னியில் மண் வெட்டுகிற எல்லோருக்கும் அந்தத் தரிப்புத் தெரியும். கிணறு வெட்டினாலும், மலசலகூடக் குழி வெட்டினாலும், துணி வந்தால் கை நிற்கும்.

ராஜரத்தினம் மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் துக்கம் வரவழைத்துக்கொண்டார்.

"சண்டைக் காலத்து ஆரோ பாவம்," என்றார். "கிளறாமல் மூடி விடுவம் பிள்ளை."

அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பத்மாசனி அக்கா கையெடுத்துக் கும்பிட்டா. நானும் தலையாட்டத்தான் போனேன்.

ஆனால் அந்தத் துணி உக்கி மக்கிப்போகவில்லை. நைலோன் மாதிரியான துணி. செம்மஞ்சள் நிறம். அதில் கறுப்பு எழுத்து. மேலே கொஞ்ச மண் தானாகச் சரிந்து விழுந்தது. எழுத்துத் தெரிந்தது.

விதுசன் குனிந்து வாசித்தான்.

"ராஜரத்தினம்... மணல், கல் விநியோகம்."

கீழே கைத்தொலைபேசி இலக்கம். சண்டை முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ராஜரத்தினம் எடுத்த இலக்கம். இன்றைக்கும் அவருடைய டிப்பர்களில் எழுதியிருக்கிற இலக்கம்.

"அப்பா... இது எங்கட வேலையாக்கள் போடுற ரீசேட்."

துணிக்குள் இருந்து ஒரு கை எலும்பு நீண்டிருந்தது. நாலு விரலும் பெருவிரலும் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தன.

நான் ராஜரத்தினத்தின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது பயம் இல்லை. ஒரு குழப்பம். வீட்டுக்குள் வைத்த பொருளை நடுத்தெருவில் கண்டவர் மாதிரி. அவர் எங்களை மறந்துபோனார். குழிக்குள் பார்த்துத்தான் கதைத்தார்.

"நீ... இஞ்ச எப்பிடி?"

குனிந்து அந்த எலும்புக் கையைப் பார்த்தார்.

"உன்னை நான் ஆத்தங்கரையிலயெல்லோ புதைச்சனான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குழியை விட்டு ஏறப் பார்த்தார். ஏறுவதற்குப் பிடிமானம் வேண்டும். வலது கையால் கம்பியைப் பிடித்தார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

அந்த இரைச்சல் இப்போது காலுக்குக் கீழே கேட்டது.

அவருடைய உடம்பு விறைத்தது. பல்லுக் கிட்டியது. கை கம்பியை விடவில்லை. நான் அலவாங்கைத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கி அவருடைய கையில் ஓங்கி அடித்தேன். கரண்டில் ஒட்டின ஆளை அப்படித்தான் எடுக்க வேண்டும். எடுபடவில்லை. இரண்டாம் தரம் அடித்தேன். கதிரைக் கால் முறிந்தது.

கம்பியில் வயர் இல்லை.

வீட்டில் கரண்ட் இல்லை.

இறைச்சி கருகும் மணம் வந்தது.

"அண்ணே..."

அது ஸ்பீக்கரில் இருந்து வரவில்லை.

"கையக் குடுங்க அண்ணே..."

முதல் கேட்டபோது அது கெஞ்சின குரல். இப்போது அதில் கெஞ்சல் இல்லை. அது சிரிக்கவும் இல்லை. கேட்டதை வாங்காமல் போகப் போவதில்லை என்கிற குரல்.

"விடு... விடடா..." என்று ராஜரத்தினம் பல்லுக்குள்ளால் கத்தினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. நான் கோர்த்துச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னர். கனகராயன் ஆற்றில் அனுமதி இல்லாமல் மணல் அள்ளியிருக்கிறார்கள். இவரும், டிப்பருக்கு மணல் ஏற்றுகிற ஒரு பொடியனும் மட்டும். குழிக்குள் நின்ற பொடியன் மேல் கரை இடிந்து விழுந்தது. நெஞ்சு வரைக்கும் புதைந்துவிட்டான். ஒரு கை மட்டும் வெளியே. உயிர் இருந்தது. இழுத்திருந்தால் வந்திருப்பான். அந்த நேரம் பார்த்துத் தூரத்துப் பாதையில் பொலிஸ் ஜீப்பின் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பொடியன் கையை நீட்டிக்கொண்டு கத்தியிருக்கிறான். ஜீப்புக்குச் சத்தம் கேட்டுவிடும். இவர் மண் தள்ளுகிற மெசினில் ஏறினார். ஒரு தள்ளு. சத்தம் நின்றது.

"ஆர் அது?"

கேட்டது பத்மாசனி அக்கா. அந்தப் பெண்ணிடம் அப்படியொரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குழி விளிம்பில் வந்து நின்றா.

அவர் தலையை ஆட்டினார். இரைச்சல் ஏறியது. கையில் இருந்து புகை வந்தது.

"பேரைச் சொல்லுங்கோ."

"சந்திர... சந்திரகுமார்..."

இரைச்சல் நின்றது.

கை விட்டது. அவர் குழிக்குள் விழுந்தார்.

பத்மாசனி அக்கா புருசனைப் பார்க்கவில்லை. அந்தச் செம்மஞ்சள் துணியைப் பார்த்தா.

"எங்கட குசினியில சோறு திண்ட பொடியன்," என்றா. "கட்டாருக்கு வேலைக்குப் போட்டான் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

அவ இறங்கித் தூக்கவில்லை. கை கொடுக்கவும் இல்லை.  அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் போன் அடித்தது நான்தான்.

ராஜரத்தினம் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார், பின்வளவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள்.

சந்திரகுமாரின் தாய் சுப்பம்மாவைக் கூட்டி வந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூலி வேலை செய்து தனியாக இருந்த மனுசி. மகன் வெளிநாட்டில் இருந்து ஏன் ஒரு போன்கூட எடுக்கவில்லை என்று ஆறு வருடமாக ராஜரத்தினத்திடமே வந்து வந்து கேட்டவ. வரும்போதெல்லாம் அவர் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்து அனுப்புவாராம். நாடாவுக்கு வெளியே நின்றா. அழவில்லை. ஒரு பொலிஸ்காரர் ஆறுதலுக்காக, உன்னுடைய மகனைக் கொன்றவனுக்கு ஒரு கை போய்விட்டது அம்மா என்றார்.

சுப்பம்மா அவரை நிமிர்ந்து பார்த்தா.

"ஒண்ணுதானா?"

திரும்பி நடந்தா. போய்விட்டா.

மூன்றாவது வாரம், மறியல் ஆஸ்பத்திரியில் வைத்து ராஜரத்தினத்தின் இடது கை கறுக்கத் தொடங்கியது. அந்தக் கை எதையும் தொடவில்லை. விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறியது. இரத்த ஓட்டம் என்றார்கள். அதையும் எடுத்தார்கள்.

நான் என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆறு அந்த வீட்டில் இருந்து நாலு கிலோமீற்றர். வீடு கட்டும்போது அத்திவாரம் நிரப்ப அதே ஆற்று மணலைத்தான் டிப்பரில் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். மணலோடு எலும்பும் வந்து விழுந்திருக்கும். அதன் மேல் தற்செயலாகக் கம்பியை அடித்திருப்பார்கள். அவ்வளவுதான். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

தை மாதம் ஒருவர் மடிக்கணினி திருத்தக் கடைக்கு வந்தார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அந்த எலும்புகளை நீதிமன்ற உத்தரவுப்படி கிண்டி எடுத்த குழுவில் அவரும் ஒருவர். என் கணக்கை அவரிடம் சொன்னேன்.

அவர் இல்லை என்றார். எலும்பு ஒன்றும் சிதறவில்லை. தலையில் இருந்து கால் விரல் வரை ஒழுங்காக இருந்ததாம். குப்புறக் கிடந்ததாம். ஒரு கை முன்னுக்கு நீட்டினபடி. ஒரு இடத்தில் ஒருதரம் குழி வெட்டி மூடினால், நூறு வருடம் போனாலும் மண்ணின் நிறத்தில் அந்த விளிம்பு தெரியும். இந்த உடலுக்கு மேலே இருந்த மண்ணில், ராஜரத்தினம் அன்று வெட்டினதைத் தவிர, எந்த விளிம்பும் இல்லை. அந்த மண்ணை அதற்கு முன்னர் யாரும் வெட்டவே இல்லை.

"காலடிப் பக்கம்தான் அக்கா விளங்கேல்லை," என்றார்.

கால் இருந்த பக்கத்தில், கெட்டி மண்ணுக்குள்ளால், ஆற்று மணல் ஒரு கோடு மாதிரிப் போனதாம். ஒரு ஆளின் தோள் அகலம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டினார்கள். மதில் வரைக்கும் போனது. மதிலுக்குக் கீழேயும் போனது. அந்தப் பக்கத்து வயலில் இறங்கிக் கிண்டினார்கள். அங்கேயும் இருந்தது. இனிப் போதும் என்று மேலிடத்தில் இருந்து சொல்லி நிற்பாட்டிவிட்டார்களாம்.

நான் கேட்டேன்.

"எங்க போகுது அது?"

அவர் மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஆத்துப் பக்கம். ஆனா போகேல்லை அக்கா. அங்கயிருந்து வந்திருக்கு."